பீச் டு எண்ணூர்... ஒரு ரீஜன் லாக் ரவுண்டு!

சென்னையோட வீடியோ கேம் வரலாற்றை எழுதணும்னா எந்த மால்ல இருந்தும் ஆரம்பிக்க முடியாது பாஸ். பீச் ஸ்டேஷன் வாசல்ல, ராஜாஜி சாலை ஓரமா வரிசையா நிக்குற பர்மா பஜார்லதான் ஆரம்பிக்கணும்.

1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. கடை, கம்பெனி எல்லாம் அரசுடைமை ஆச்சு. தலைமுறை தலைமுறையா அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில கிடைச்சதோட கப்பலேறி மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினாங்க. அவங்க பிழைக்க 1969-ல் உருவானதுதான் இந்த பஜார். எதிர்ல துறைமுகம், பக்கத்துலேயே கஸ்டம்ஸ் ஹவுஸ்! டேப் ரெக்கார்டர், வாட்ச், சென்ட்டுனு 'ஃபாரின் சாமான்' எதுவா இருந்தாலும் இங்கேதான். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பறந்து பறந்து சாமான் கொண்டு வந்தவங்களுக்கு நம்ம ஊர் வெச்ச பேர், 'குருவி'. மரியோ, கான்ட்ரா கேசட் எல்லாம் வட சென்னை வீடுகளுக்குள்ள நுழைஞ்சது இந்த வாசல் வழியாத்தான்.

"பி.எஸ்.டூ வந்த டைம்ல பசங்க கூட்டம் தாங்காது தம்பி. சிப் அடிச்சதா, அடிக்காததான்னுதான் முதல்ல கேப்பானுங்க" என்று சிரிக்கிறார், இங்கே பல வருஷமா கடை வெச்சிருக்கும் அண்ணன் ஒருவர்.

அதென்ன சிப்? இங்கேதான் நம்ம ஹீரோ, ஸாரி, வில்லன் என்ட்ரி. பேரு 'ரீஜன் லாக்'. 2000-ல் ஜப்பானில் வந்த பிளேஸ்டேஷன் 2, உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல வித்தது. ஆனா, ஜப்பான் பெட்டியில ஜப்பான் டிஸ்க்தான் ஓடும். அமெரிக்க டிஸ்க்கைப் போட்டா முறைக்கும். அதே கம்பெனி, அதே கேம், காசு கொடுத்து வாங்கின ஒரிஜினல் டிஸ்க். இருந்தாலும் 'நீ எந்த ஏரியா?'னு கேட்டுட்டுத்தான் உள்ளே விடும்!

2006-ல் வந்த பி.எஸ்.3-ல் கேம்களுக்கான இந்தப் பூட்டு கிட்டத்தட்ட ஒழிஞ்சது. 2017-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்சும் எந்த நாட்டு கேமையும் ஏத்துக்கிச்சு. 'சுபம்' கார்டு போடலாம்னு பார்த்தா, ஜப்பான்ல வேற மாதிரி திரும்பி வந்துடுச்சு. 2025-ல் வந்த ஸ்விட்ச் 2, அங்கே ரெண்டு விலையில வெளியாச்சு. எல்லா மொழியும் பேசுறது 69,980 யென். ஜப்பானிய மொழி மட்டும் பேசுறது 49,980 யென். ரெண்டாவதுல ஜப்பான் அக்கவுன்ட் மட்டும்தான் போட முடியும். 'ஜப்பான்ல சீப்பா கிடைக்குது மாமா, ஒண்ணு வாங்கிட்டு வாங்க'னு ஆர்டர் போடுறவங்க கவனிங்க!

இந்தப் பூட்டைப் பத்தி யோசிச்சுக்கிட்டே கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின் ஏறினா, அடுத்த ஸ்டேஷன் ராயபுரம். தென்னிந்தியாவோட முதல் ரயில் 1856-ல் கிளம்பினது இங்கிருந்துதான். ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் காசிமேடு. காத்துல மீன் வாசனையும் டீசல் வாசனையும் சரிபாதி.

இங்கே ஒரு சின்ன மாடி ரூம்ல சாயங்கால டியூஷன். போர்டுல 'ஈ' விகுதிக்கும் 'எஸ்' விகுதிக்கும் சண்டை நடக்குற மாதிரி கிராமர் பாடம். துறைமுகத்துல லோடு இறக்குறவங்க பிள்ளைங்க, மீன் விக்கிற அம்மாக்களோட பிள்ளைங்கனு இருபது பேர், தப்போ சரியோ இங்கிலீஷ்ல கத்திக்கிட்டு இருக்காங்க. நடுவுல நிக்கிற அக்கா எம்.ஏ. இங்கிலீஷ், பி.எட். பேர் வேணாம்னுட்டாங்க, அதனால நமக்கும் அக்காவே. அவங்க ஆசை, வெளிநாட்டுல இங்கிலீஷ் டீச்சர் வேலை. தம்பியோட ஆசை, 'அக்கா ஜப்பான் போனா ஒரு கேம் பாக்ஸ்'.

ஜப்பான்ல வேலை இருக்கு. 1987-ல் அந்த அரசு தொடங்கின ஜெட் திட்டத்துல இருந்து, பல நாட்டு இளைஞர்கள் அங்கே பள்ளிகள்ல உதவி ஆசிரியரா இங்கிலீஷ் சொல்லித் தர்றாங்க. ஆனா, பள்ளி ஆசிரியர் விசா விதியில ஒரு வரி இருக்கு. எந்த வெளிநாட்டு மொழியைச் சொல்லித் தரப் போறீங்களோ, அந்த மொழியிலேயே குறைஞ்சது 12 வருஷம் படிச்சிருக்கணும். அக்கா பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். காலேஜையும் பி.எட்டையும் கூட்டினாலும் 12 வரலை.

"இங்கிலீஷை நான் வேற மொழியா, ஒவ்வொரு வார்த்தையா கத்துக்கிட்டவ. எங்கே தப்பு வரும்னு எனக்குத் தெரியும். அதனாலதான் இந்தப் பசங்களுக்கு என்னால சொல்லித் தர முடியுது. அதையே எனக்கு மைனஸ்னு சொன்னா என்ன பண்றது?" என்கிறார். ஒரு ஏஜென்சிக்காரர் போன்லேயே, "ஆக்சென்ட் கொஞ்சம் வட சென்னையா இருக்கே மேடம்" என்றாராம். அக்காவோட பதில்: "வட சென்னையில இருக்குறவளுக்கு வேற எப்படி சார் இருக்கும்?"

தென்கொரியா இன்னும் கறார். மொழி கற்பிக்கும் ஈ-2 விசா, இங்கிலீஷுக்கு ஏழே நாட்டுக்காரங்களுக்குத்தான்: அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாப்பிரிக்கா. அந்தப் பாஸ்போர்ட்டும் ஒரு டிகிரியும் இருந்தா வாசல் திறக்கும். நாம ஷேக்ஸ்பியரைத் தலைகீழா ஒப்பிச்சாலும், 'நீ எந்த ஏரியா?'தான். ரீஜன் லாக்!

ட்ரெயின் திருவொற்றியூர் வந்தாச்சு. இங்கே ஒரு சூப்பர் கதை இருக்கு. இங்கிலாந்துல பிறந்த ராயல் என்ஃபீல்ட் புல்லட்டை 1955-ல் இருந்து மெட்ராஸ்ல தயாரிக்க ஆரம்பிச்சாங்க, தொழிற்சாலை திருவொற்றியூர்ல. கொஞ்ச வருஷத்துல இங்கிலாந்துக் கம்பெனி மூடிட்டாங்க. நம்ம ஊர்ல மட்டும் 'டப் டப்' சத்தம் நிக்கவே இல்ல. 1977-ல் அதே புல்லட் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆச்சு! 'நீ நேட்டிவா?'னு அந்த வண்டியைப் பார்த்து யாரும் கேட்கலை. ஓட்டிப் பார்த்தாங்க, வாங்கினாங்க. இங்கிலீஷும் அப்படித்தானே இங்கே வந்தது? வந்து, நம்ம தெருப் புழுதியில ஓடி, நம்ம வண்டி ஆயிடுச்சு. ஓட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்கன்னுதான் அக்கா கேட்கிறாங்க.

பூட்டுனு ஒண்ணு இருந்தா சாவியும் இருக்கணுமே? இருக்கு, ஆனா சின்னது. 2010 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த இந்தியா - கொரியா பொருளாதார ஒப்பந்தத்துல, ஆசிரியர் தகுதி உள்ள இந்தியர்கள் அங்கே இங்கிலீஷ் உதவி ஆசிரியரா போக வழி வெச்சிருக்காங்க. அக்காவோட பி.எட். இங்கே கை கொடுக்கும். விசா வழி இருக்குங்கிறதாலேயே வேலை கிடைச்சுடாது, ஆனாலும் விண்ணப்பம் ரெடி பண்ணிட்டாங்க. மாலத்தீவு இன்னொரு வாசல். அங்கே பள்ளிப் பாடமே பெரும்பாலும் இங்கிலீஷ்ல. தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும் இருந்து போன ஆசிரியர்கள் அங்கே ரொம்ப காலமா வேலை பார்க்கிறாங்க.

'பூட்டை நான் உடைச்சுத் தர்றேன்'னு வர்ற ஆளுங்கதான் டேஞ்சர். கேம் பாக்ஸுக்கு சிப் அடிச்சு, சொதப்பினா போறது பாக்ஸ் மட்டும்தான். விசாவுக்கு 'சிப்' அடிச்சா வாழ்க்கை! 'டூரிஸ்ட் விசால போய்டு, அங்கே மாத்திக்கலாம்'னு யாராவது சொன்னா, ஒரு கும்பிடு போட்டுட்டு எஸ்கேப் ஆகிடுங்க. 2022-ல் தாய்லாந்துல நல்ல வேலைன்னு நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள், மியான்மரோட மியாவதியில சைபர் மோசடிக் கும்பல்கிட்ட மாட்டிக்கிட்டு மீட்கப்பட்டது ஞாபகம் இருக்கா? மியான்மர்னா, அதே பழைய பர்மா. அங்கிருந்து துரத்தப்பட்டு வந்தவங்க உருவாக்கின பஜார்லேருந்துதான் இந்த ட்ரெயின் கிளம்புச்சு. 1983-ம் வருஷ குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் அரசிடம் பதிவு பண்ணியிருக்கணும். வெளியுறவு அமைச்சகத்தோட இ-மைக்ரேட் தளத்துல அதைப் பார்த்துட்டு அப்புறம் பணத்தைப் பத்திப் பேசுங்க.

தம்பிக்கும் ஒரு இன்ஜினீயரிங் அட்வைஸ். ஜப்பான் கரன்ட் 100 வோல்ட், நம்ம ஊர் 230. அந்தக் காலத்து ஜப்பான் பி.எஸ்.2-வை நேரா நம்ம பிளக்ல சொருகினா கேம் வராது, புகைதான் வரும். இப்போ வர்ற கன்சோல்கள் பெரும்பாலும் 100-லிருந்து 240 வோல்ட் வரை தாங்கும். இருந்தாலும் அடாப்டர் மேல பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, ஒரு தடவை படிச்சுடணும். அப்புறம் வாரன்ட்டி பெரும்பாலும் வாங்கின நாட்டோட முடிஞ்சுடும். ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ் வேற இருக்கு. 2016 பேக்கேஜ் விதியில வரியில்லா வரம்பு 50,000 ரூபாயா இருந்தது. இந்த வரம்பு அப்பப்போ மாறும், கிளம்புறதுக்கு முன்னாடி பார்த்துக்கணும்.

கத்திவாக்கம் தாண்டினா எண்ணூர். கொசஸ்தலை ஆத்து முகத்துவாரம், அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், ரோட்டுல முடிவே இல்லாத கன்டெய்னர் லாரி வரிசை. பர்மாவுல இருந்து வந்தவங்களுக்கு இங்கேயும் ஒரு குடியிருப்பு உண்டு, பேரே பர்மா நகர். கொஞ்சம் தள்ளி, 2001-ல் தொடங்கின காமராஜர் துறைமுகம். ஒரகடத்துல தயாராகுற நிஸான் கார்கள் 2010-ல் இருந்து இங்கே கப்பலேற ஆரம்பிச்சது. ஜப்பான் கம்பெனி பேரு, நம்ம ஊர் ஆளுங்க உழைப்பு. தரமா இருக்கானு மட்டும் செக் பண்ணி ஏத்தி விட்டுடுறாங்க.

நிலக்கரி வரும், கன்டெய்னர் வரும், கேம் பாக்ஸும் வரும். அந்தப் புகையையும் தூசியையும் சுவாசிச்சு வளர்ற எங்க ஏரியா பசங்க, சரக்கு இவ்வளவு சுலபமா தாண்டுற கடலைத் தாண்டணும்னா மட்டும் ஆயிரம் கேள்வி. கேம் கம்பெனிங்களே வியாபாரத்துக்காக பூட்டைக் கழட்டினாங்க. நல்ல டீச்சர் தேவைப்படுற நாடுகளும் ஒருநாள் கழட்டத்தான் வேணும்.

அதுவரைக்கும் ராயபுரம் மாடியில டியூஷன் தொடரும். அந்த இருபது பேர்ல ஒருத்தி, "மிஸ், நான் பெரியவளாகி கொரியாவுக்கே இங்கிலீஷ் சொல்லித் தருவேன்" என்கிறாள். முழுக்க இங்கிலீஷ்ல, கிராமர் மிஸ்டேக் இல்லாம. ஆக்சென்ட்? பக்கா ராயபுரம்!