கம்ப்யூட்டரில் இருக்கு, ரேக்கில் இல்லை

காலை எட்டு மணிக்கு, ஷட்டர் பாதி ஏறிய நிலையில் ஒரு பெரிய பல்பொருள் அங்காடிக்குள் போய்ப் பார்த்தால், அங்கே குனிந்து நிமிர்ந்து வேலை செய்பவர்களில் பலர் அந்தக் கடையின் சம்பளப் பட்டியலிலேயே இல்லாதவர்கள். பிஸ்கட் வரிசையை அடுக்குபவருக்கு பிஸ்கட் கம்பெனியின் சார்பில் ஓர் ஏஜென்சி சம்பளம் தருகிறது. ஷாம்பு வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு வேறொரு ஏஜென்சி. வேலை வாங்குவது மட்டும் கடையின் ஃப்ளோர் மேனேஜர். மெர்ச்சண்டைசர் என்பது அடையாள அட்டையில் இருக்கும் பெயர். வாசலில் செக்யூரிட்டியிடம் ‘கம்பெனி ஆள்’ என்று சொன்னால்தான் புரியும். தனி நோட்டில் கையெழுத்துப் போட்டு, பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போகிறார்கள்.

நான் கூடப் போனவர் செங்கல்பட்டுப் பக்கத்து இளைஞர். தன் பெயரும் கடைகளின் பெயரும் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு அழைத்துப் போனார். மின்சார ரயிலில் தாம்பரம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, மேடவாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி என்று ஒவ்வொரு கடையாகப் பார்ப்பது அவருடைய ‘பீட்’. கடைக்குள் நுழைந்ததும் செல்போன் செயலியில் ரேக்கைப் படம் எடுத்தாக வேண்டும். இடமும் நேரமும் அதில் பதிந்துவிடும். வேலை முடிந்ததும் இன்னொரு படம். முதல் படத்துக்கும் இரண்டாம் படத்துக்கும் நடுவே அவர் செய்வதுதான் தொழில். அது எந்தப் படத்திலும் விழுவதில்லை.

உள்ளே போனதும் அவர் எதையும் தொடவில்லை. ரேக்கை விட்டு நாலடி தள்ளி நின்று மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “கஸ்டமர் நின்னு பார்க்கிற தூரம் சார் இது. கிட்டப் போயிட்டா ஓட்டை தெரியாது” என்றார். எந்தச் சரக்கு எந்தத் தட்டில், எத்தனை பாக்கெட் முகம் காட்டி நிற்க வேண்டும் என்று கம்பெனி ஒரு வரைபடம் அனுப்புகிறது. அதற்கு பிளானோகிராம் என்று பெயர். முகம் காட்டுவது ‘ஃபேசிங்’. பத்து கிலோ கோதுமை மாவும் ஐந்து லிட்டர் எண்ணெய் கேனும் தரையோடு இருக்கும். மேலே வைத்தால் தூக்கவும் முடியாது, விழுந்தால் ஆபத்து. குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் சாக்லேட். பெரியவர்களின் கண்மட்டத்தில் இருக்கும் தட்டுக்கும், வரிசை முடியும் இடத்தில் நடைவழியைப் பார்த்து நிற்கும் ரேக்குக்கும் கம்பெனிகள் கடைக்குப் பணம் கட்டுகின்றன. அதனால் பக்கத்துக் கம்பெனியின் பாக்கெட் ஒன்று தன் எல்லைக்குள் வந்து நின்றால் அவர் அதை எடுத்து அதன் இடத்தில் வைக்கிறார். தூக்கிப் பின்னால் ஒளிப்பவர்களும் உண்டாம். “அவனும் ராத்திரி ரயில்ல என்கூடத்தான் வர்றான். அவன் டார்கெட்டை நான் ஏன் சார் கெடுக்கணும்?”

புதுப் பெட்டியைப் பிரித்து, பாக்கெட்டுகளை அப்படியே முன்னால் வைத்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். அப்படிச் செய்தால் பழையது பின்னாலேயே கிடந்து காலாவதியாகும். இவர் தட்டில் இருப்பதை முழுவதும் வெளியே எடுக்கிறார், தூசி துடைக்கிறார், தேதி பார்க்கிறார், புதியதைப் பின்னால் தள்ளிப் பழையதை முன்னால் நிறுத்துகிறார். பாக்கெட்டின் மடிப்புக்குள் மங்கலாகக் குத்தியிருக்கும் தேதியைக் கட்டைவிரலால் நீவி ஒரு நொடியில் படித்துவிடுகிறார். நான் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படிப்பதற்குள் அவர் நான்கைந்து பாக்கெட் தாண்டியிருந்தார்.

இதெல்லாம் பழகினால் வரும். அவருடைய உண்மையான திறமையை நான் பார்த்தது ஒரு குளியல் சோப்பு வரிசையில்.

நான்கு வாசனைகளில் வரும் சோப்பு அது. விலை நான்குக்கும் ஒன்றே. எலுமிச்சை வாசனைக்கான இடம் மட்டும் காலி. கடை ஊழியர் கையிலிருந்த ஸ்கேனரில் பார்த்தால் கையிருப்பு 22 என்று காட்டியது. இந்த 22 சாதாரணத் தவறு அன்று. பெரிய கடைகள் பலவற்றில் சரக்குக்கு ஆர்டர் போடுவது மனிதர் இல்லை. கையிருப்பு ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இறங்கினால் கம்ப்யூட்டர் தானே ஆர்டர் அனுப்பும். 22 இருப்பதாக அது நம்பிக்கொண்டிருக்கும்வரை ஆர்டர் போகாது. ஆர்டர் போகாததால் சரக்கு வராது. சரக்கு வராததால் விற்காது. விற்காததால் அந்த 22 குறையவும் குறையாது. யாரும் வந்து கையால் எண்ணித் திருத்தாவிட்டால் அந்தத் தட்டு மாதக்கணக்கில் காலியாகவே கிடக்கும். எலுமிச்சை சோப்பைத் தேடி வருபவர் ‘ஸ்டாக் இல்லை’ என்று நினைத்துத் திரும்பிப் போவார். கம்பெனி ஆபீசில் இருப்பவர், அந்தப் பகுதியில் எலுமிச்சை ஓடுவதில்லை என்று முடிவு கட்டுவார்.

இளைஞர் முதலில் தேடினார். ஆஃபர் சரக்கு கொட்டி வைத்திருக்கும் கூடையில் இல்லை. பில்லிங் பக்கத்தில், வாடிக்கையாளர்கள் வேண்டாமென்று விட்டுப்போன சாமான்கள் கிடக்கும் டிராலியில் இல்லை. பிறகு என்னைக் குடோனுக்குக் கூட்டிப்போனார். அங்கே அதே சோப்பின் ரோஜா வாசனை, பெட்டி பெட்டியாகச் சுவரோரம் அடுக்கியிருந்தது. “பாத்தீங்களா சார், இங்கதான் இருக்கு பதில்” என்றார். எனக்கு விளங்கவில்லை.

அவர் விளக்கியது இது. ஒருவர் நான்கு வாசனையிலும் ஒவ்வொரு சோப்பாக எடுத்து வருகிறார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பார்கோடு. கவுண்டரில் இருப்பவர் மேலே கிடக்கும் ரோஜாவை மட்டும் ஸ்கேன் செய்து, எண்ணிக்கை நான்கு என்று அடித்துவிடுகிறார். பில் தொகை சரி. வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை, கடைக்கும் அந்த நிமிடத்தில் நஷ்டமில்லை. ஆனால் கம்ப்யூட்டரின் கணக்கில் நான்கு ரோஜா போயிற்று, எலுமிச்சை அப்படியே இருக்கிறது. இதுவே திரும்பத் திரும்ப நடந்தால், விற்காத ரோஜாவுக்கு ஆர்டர் மேல் ஆர்டர் போகும். விற்றுத் தீர்ந்த எலுமிச்சைக்குப் போகவே போகாது.

அண்ணாச்சி கடையில் சோப்பு தீர்ந்தால் அண்ணாச்சிக்குத் தெரியும். எடுத்துக் கொடுத்த கையே கணக்கும் வைத்திருக்கும். 1916-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்து, வாடிக்கையாளரே உள்ளே போய்ச் சாமானை எடுத்துக்கொள்ளலாம் என்று ஆக்கியபோது அந்தக் கை விலகியது. 1974 ஜூன் 26 அன்று ஒஹாயோ மாநிலத்து டிராய் ஊரில், ஒரு சூயிங்கம் பொதியின் பார்கோடு முதன்முறையாகக் கடைக் கவுண்டரில் படிக்கப்பட்டது. பிறகு கணக்கு வைக்கும் வேலையையும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. சென்னையில் 1990களின் பிற்பகுதியில் ஃபுட்வேர்ல்ட் போன்ற கடைகள் வந்தபோது இரண்டும் சேர்ந்தே வந்தன. இயந்திரத்தின் கணக்கு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது. அது தவறும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு மனிதர் ரேக்குக்கு முன்னால் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அந்த மனிதரைக் கடை வேலைக்கு வைக்கவில்லை.

அன்று அவர் ரேக்கிலும் குடோனிலுமாக நான்கு வாசனைகளையும் எண்ணி, ஒரு தாளில் எழுதி, டிபார்ட்மெண்ட் இன்சார்ஜிடம் கொண்டுபோய் நின்றார். ஒன்றை மட்டும் குறைத்தால் சரக்கு காணாமல் போன கணக்கில் சேர்ந்து இன்சார்ஜுக்குக் கேள்வி வரும். இங்கே ஒன்று குறைய இன்னொன்று கூடுவதால் தொகை பெரிதாக மாறாது என்று பொறுமையாகச் சொன்னார். இன்சார்ஜ் திருத்த ஒப்புக்கொண்டார். செயலியில் இதைப் பதிய ஒரு கட்டம்கூட இல்லை. இந்த வேலைக்குப் போன நேரத்தில், அடுத்த கடையில் எடுக்க வேண்டிய ‘நுழைவு’ப் படம் தாமதமாயிற்று. அதைக் கேட்டு டீம் லீடர் போன் செய்தார்.

கவுண்டரில் ஏன் அப்படி ஸ்கேன் செய்கிறார்கள்? இதற்கு விடை தேடியபோதுதான், சாதாரண வாடிக்கையாளர் போல வந்து கடையைக் கவனித்து ரிப்போர்ட் எழுதும் ரகசிய வாடிக்கையாளர்களின் உலகத்துக்குள் போனேன்.

நான் சந்தித்த அம்மையார் நங்கநல்லூரில் வசிப்பவர், முன்பு பள்ளி ஆசிரியை. ஏஜென்சிகளுக்காக மிஸ்டரி ஷாப்பராக, அதாவது ரகசிய வாடிக்கையாளராக, வேலை செய்கிறார். பணியில் இருக்கும்போது இன்னொருவரைக் கூட்டிப்போவது விதிக்குப் புறம்பு. எனவே எந்த வேலையும் ஒப்படைக்கப்படாத ஒரு நாளில், தான் எப்படிப் பார்ப்பார் என்பதை ஒரு கடையில் எனக்குக் காட்டினார். முதலிலேயே ஓர் எச்சரிக்கையும் சொன்னார்: இந்த வேலையில் சேர முன்பணம் கேட்பவர்கள் அத்தனை பேரும் மோசடிக்காரர்கள், உண்மையான ஏஜென்சி பதிவுக்குப் பணம் வாங்காது. வாங்கிய சாமானுக்கு ஒரு வரம்புவரை பணமும், ஒரு சிறு கட்டணமும், பல வாரம் கழித்து வரும். பில்லைத் தொலைத்தால் எதுவும் வராது.

கடைக்குள் குறிப்பேடு எடுக்க முடியாது. அவர் தனக்குத்தானே வாட்ஸ்அப் செய்தி அனுப்பிக்கொள்கிறார். ‘பால்’ என்று அனுப்பினால் வரிசையில் நின்ற நேரம், ‘தயிர்’ என்று அனுப்பினால் பில் கைக்கு வந்த நேரம். வீட்டுக்குத் தேவையானதைக் குறித்துக்கொள்வது போலத்தான் பார்ப்பவருக்குத் தெரியும். பணியாளரின் பெயர்ப்பட்டையை ஒரே பார்வையில் படித்து, அந்தப் பெயருள்ள பழைய மாணவர் ஒருவரோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்கிறார். யாரையும் சீண்டிப் பார்ப்பதில்லை. சாதாரண வாடிக்கையாளர் கேட்பதை மட்டுமே கேட்கிறார். “‘எரிச்சலா பேசினார்’னு எழுதினா ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பிடுவாங்க சார். என்ன வார்த்தை சொன்னார், எங்க பார்த்துச் சொன்னார், அதைத்தான் எழுதணும். ஒருத்தரோட வேலை இது. என் அபிப்பிராயத்தால போயிடக் கூடாது” என்றார். இந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். பார்த்ததையும் நினைத்ததையும் பிரித்து எழுதத் தெரிந்தவர்கள் பத்திரிகைத் தொழிலிலேயே குறைவு.

ரிப்போர்ட் படிவத்தில் வழக்கமாக வரும் கேள்விகளைச் சொன்னார். பணியாளர் வணக்கம் சொன்னாரா? புன்னகைத்தாரா? உறுப்பினர் எண் கேட்டாரா? வரிசையில் எவ்வளவு நேரம் நின்றீர்கள்? பில் போட எவ்வளவு நேரம் ஆயிற்று? அத்தனையும் கவுண்டரில் நிற்கும் ஒருவரைப் பற்றியவை. அந்தக் கவுண்டருக்குப் பக்கத்துக் கவுண்டர்கள் ஏன் மூடிக் கிடந்தன என்று எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

நாங்கள் அந்தக் கடைக்குப் போனது மாதத்தின் முதல் வாரம். சம்பளம் வந்து, மாதச் சாமான் லிஸ்டோடு குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ஆறு கவுண்டரில் இரண்டு திறந்திருந்தன. வரிசை அரிசி மூட்டைகள்வரை நீண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் நின்றவர் ஆறு சிப்ஸ் பாக்கெட்டை வைத்தார். மூன்று விதமான சுவை. கவுண்டரில் இருந்த பெண் ஒன்றைக் காட்டி, ஆறு என்று அடித்தார். நான் அம்மையாரிடம் மெல்ல சோப்புக் கதையைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. “இதைத்தான் நான் இவ்வளவு நாளா வேகம்னு மார்க் போட்டிருக்கேன்” என்றார்.

அந்தப் பெண் நின்றுகொண்டே வேலை செய்தார். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே உட்காரக் கிடைக்கும் வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ள, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. கேரளம் 2018-இலேயே இதைச் செய்திருந்தது. சென்னைத் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் காலமெல்லாம் நின்று கால் வீங்கிய பெண்களை நினைத்தால், எத்தனை தாமதமாக வந்த சட்டம் என்று தோன்றுகிறது. இந்தக் கவுண்டருக்குப் பின்னாலும் நாற்காலி இருந்தது. திருப்பி அனுப்ப வேண்டிய சாமான்கள் அதன்மேல் அடுக்கியிருந்தன. இரண்டு கவுண்டர் மட்டும் திறந்திருக்கும்போது உட்கார வாய்ப்பு எங்கிருந்து வரும்? சட்டம் சொல்லும் அந்த ‘வாய்ப்பை’ உண்டாக்குவது எத்தனை பேரை வேலைக்கு வைக்கிறோம் என்பதுதான்.

படிவத்தின் கடைசியில் ‘குறிப்புகள்’ என்று ஓர் இடம் உண்டு. கேட்காவிட்டாலும் அம்மையார் அதில் ஒரு வரி எழுதிவிடுவாராம்: மொத்தக் கவுண்டர் இத்தனை, திறந்திருந்தவை இத்தனை, நேரம் இது. ஏஜென்சியில் சிலர் அதை நீக்கிவிடுகிறார்கள், சிலர் அப்படியே அனுப்புகிறார்கள். எது போயிற்று என்பது அவருக்குத் தெரியவராது. இனிமேல் இன்னொன்றும் சேர்க்கப் போவதாகச் சொன்னார்: ஒவ்வொரு பாக்கெட்டும் தனித்தனியாக ஸ்கேன் செய்யப்பட்டதா என்று. ஆனால் கவுண்டர் எண்ணிக்கையைச் சொல்லாமல் இதை மட்டும் எழுதினால் பழி அந்தப் பெண்ணின் தலையில்தான் விழும். ஆகவே இரண்டையும் ஒரே வாக்கியமாகத்தான் எழுதுவேன் என்றார்.

செங்கல்பட்டு இளைஞரிடம் இதைப் போனில் சொன்னேன். அவர் மிஸ்டரி ஷாப்பர் யாரையும் பார்த்ததில்லை, பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. தன் ரேக்கையும் யாரோ அப்படி வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்பது தெரியும், அவ்வளவுதான். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, உடனே கணக்குப் போட ஆரம்பித்தார். “அந்த ஒரு வரி எங்க கைக்கு வந்தா போதும் சார். எந்தத் தேதியில எத்தனை கவுண்டர் மூடியிருந்துதுன்னு தெரிஞ்சா, அதுக்கு மறுநாள் போய் நாலு வாசனை வர்ற சரக்கை மட்டும் எண்ணிடுவேன். எல்லாத்தையும் எண்ண வேண்டியதில்ல.”