பாதியில நிக்கிற கேஸும் ஒரு அப்கிரேடும்

டிஸ்கி: பாதி பொட்டி தட்டுற பதிவு, பாதி வெள்ளாமைப் பதிவு. ரெண்டுல ஒண்ணு பிடிச்சாலும் உள்ள வரலாம். ரெண்டுமே ஆகாதுன்னா இங்கயே அப்பீட்டு ஆகிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன் :)

மேட்டர் இதுதான். ஸ்பிஃப் வொர்க்ஃப்ளோன்னு பைத்தான்ல ஒரு சின்ன லைப்ரரி இருக்கு. பரளச்சியில எங்க விதைச் சங்கத்துக்கு 2022-ல அதை வச்சு ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். அப்ப அது முதல் வரிசையில இருந்துச்சு. அப்புறம் 2.0, 3.0-ன்னு வளர்ந்துருச்சு. 2025 ஆடியில நாங்களும் மூணாவது வரிசைக்கு மாறினோம். அதுல என்ன புதுசு, மாறுறப்ப என்ன பஞ்சாயத்து வந்துச்சுங்கறதுதான் இந்தப் பதிவு. பஞ்சாயத்துங்கறது பேச்சுக்குச் சொல்லல. நெசமாவே பஞ்சாயத்து.

வொர்க்ஃப்ளோ எஞ்சின்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு ஒரு பத்தி. இ-சேவை மையத்துல சாதிச் சான்றிதழுக்கு மனு போட்டிருப்பீங்க. மனு வி.ஏ.ஓ.கிட்ட போகும், அங்கேருந்து ஆர்.ஐ., அதுக்கப்புறம் தாசில்தார். எந்த மேசையில நிக்குது, அடுத்து யாரு பாக்கணும், திருப்பி அனுப்பினா எங்க போய் விழும்னு ஒரு வழித்தடம் இருக்குல்ல? அதை நிரலுக்குள்ள அங்கங்க 'இஃப்' போட்டு எழுதி வச்சா, ஆறு மாசம் கழிச்சு எழுதினவனுக்கே புரியாது. அதனால வழித்தடத்தைத் தனியா ஒரு படமா வரைஞ்சுடறது. ஒவ்வொரு மனுவையும் அந்தப் படத்து வழியா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற வேலையை எஞ்சின்கிட்ட விட்டுடறது. படம் வரைய பிபிஎம்என்னு ஒரு பொதுவான குறிமுறை இருக்கு. அதோட 2.0 பதிப்பு 2011-ல வந்துச்சு, 2013-ல ஐஎஸ்ஓ தரமாவும் ஆச்சு.

இந்த யோசனை இன்னிக்கு நேத்து வந்தது இல்ல. 1962-லயே கார்ல் ஆடம் பெட்ரிங்கற ஜெர்மன்காரர் தன்னோட ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எழுதினதுலதான் 'பெட்ரி வலை'க்கு வித்து விழுந்துச்சு. 2003-ல வான் டெர் ஆல்ஸ்ட்டும் கூட்டாளிகளும், ஒரு வேலை எப்படியெல்லாம் பிரியும், சேரும், காத்திருக்கும்னு 20 மாதிரிகளா வகைபிரிச்சு ஒரு கட்டுரை எழுதினாங்க. ஸ்பிஃப் அந்த மாதிரிகளை வச்சு எழுந்த லைப்ரரி. பின்னாடி பிபிஎம்என் படத்தையும் படிச்சு ஓட்டக் கத்துக்கிச்சு.

இனி நம்ம ஊருக்கு வருவோம். பரளச்சி திருச்சுழி பக்கம், கரிசக்காடு. கண்மாய் பெருகினாத்தான் நஞ்சை, மத்ததெல்லாம் மானாவாரி. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, குதிரைவாலின்னு போடுவாங்க. சங்கம்னா பெரிய அமைப்பு எல்லாம் இல்ல. சில குடும்பங்க சேந்து விதையைச் சேத்து வச்சு, வேணும்கிறவங்களுக்குக் கடனாக் கொடுக்கிறது. வெளைஞ்சதும் கொஞ்சம் கூட வச்சுத் திருப்பிக் கொடுக்கணும், அவ்வளவுதான்.

அதோட வழித்தடம் இப்படி: பேர் பதிவு, காட்டுல போய் விசாரிப்பு, கமிட்டி ஒப்புதல், மழைக்குக் காத்திருப்பு, விதை கொடுப்பு, அறுவடைக்கப்புறம் வரவு. நடுவுல இருக்கிற அந்தக் காத்திருப்பைப் பாருங்க. ஒரு வாரமும் ஆகலாம், ரெண்டு மாசமும் ஆகலாம். அத்தனை நாளும் நிரல் முழிச்சுக்கிட்டே உக்காந்திருக்க முடியுமா? இங்கதான் சின்ன லைப்ரரியோட அருமை தெரியும். கேஸ் எந்தப் படியில நிக்குதோ அதை அப்படியே ஜேசன் கோப்பா எழுதி வச்சுட்டுத் தூங்கப் போயிடலாம். சர்வர் கிர்வர் எதுவும் வேணாம். 2011-ல ஆரம்பிச்ச இலவச மடிக்கணினித் திட்டத்துல மச்சினனுக்குக் கிடைச்ச பொட்டியில லினக்ஸ் போட்டு, அதுலதான் எங்க சங்கமே ஓடுது.

சின்னதா இருக்கிறதுக்கு ஒரு விலையும் உண்டு. அதுக்குன்னு சொந்தமா கடிகாரம் கிடையாது. '45 நாள்ல மழை இல்லன்னா ஞாபகப்படுத்து'ன்னு படத்துல கெடு போட்டாலும், அது தானா எந்திரிச்சு வந்து கதவைத் தட்டாது. காத்திருக்கிற வேலைகளைப் புதுப்பின்னு ஒரு ஆணை இருக்கு, அதை நாமதான் கூப்பிடணும். எங்க பொட்டியில தெனமும் காலையில 6 மணிக்கு அதைக் கூப்பிட ஏற்பாடு பண்ணி வச்சிருக்கேன்.

சரி, புதுசா வந்ததுல எனக்குக் கைகொடுத்தது நாலு.

ஒண்ணு, பழைய கோப்பைப் படிக்கிற பக்குவம். ஒவ்வொரு கோப்புலயும் இது எந்தப் பதிப்புல எழுதினதுன்னு ஒரு முத்திரை இருக்கும். பழசைத் திறந்தா, அதைப் படிப்படியா இன்னிக்கு இருக்கிற வடிவத்துக்கு லைப்ரரியே மாத்திக்குது. முன்னாடி கெடுவை பைத்தானோட 'டைம்டெல்டா'வா எழுதுவோம். இப்ப ஐஎஸ்ஓ 8601 முறையில 'பி45டி'ன்னு எழுதணும். 45 நாள்னு அர்த்தம். 2022-ல விதை வாங்கி, வெளைச்சல் பொய்த்ததால வரவு தள்ளிப்போன 6 கேஸ் எங்ககிட்ட பழைய முறையில கெடந்துச்சு. ஒரு நகல் எடுத்துத் திறந்து பாத்தேன். ஆறும் சேதாரம் இல்லாம எந்திரிச்சு உக்காந்துச்சு.

ரெண்டு, வேலையோட நிலைகள். முன்னாடி ஒரு படியில ஸ்கிரிப்ட் இடறி விழுந்தா, அந்தக் கேஸ் எந்த லட்சணத்துல நிக்குதுன்னு நாமதான் துழாவணும். இப்ப 'பிழை'ன்னு தனி நிலை இருக்கு. 'தொடங்கியாச்சு'ன்னும் ஒண்ணு இருக்கு. விழுந்த கேஸைப் பட்டியல் போட்டு எடுத்து, குறிப்பிட்ட படிக்குத் திருப்பி வச்சு மறுபடி ஓட்டலாம். வேலையை முடிக்க 'கம்ப்ளீட்'னு கூப்பிட்ட எடத்துல இப்ப 'ரன்'னு கூப்பிடணும், அதை மட்டும் நிரல் பூரா தேடி மாத்தினேன்.

மூணு, ஒரே வேலையைப் பல பேருக்குத் திரும்பத் திரும்பச் செய்யுற படிகளைத் திருத்தி எழுதியிருக்காங்க. கமிட்டியில அஞ்சு பேருகிட்டயும் தனித்தனியா ஒப்புதல் வாங்குறோம்ல, அது இந்த வகை. வரிசையாவா, ஒரே நேரத்துலயாங்கறதை இப்ப படத்துலயே தெளிவாக் காட்டலாம்.

நாலாவதுதான் பெருசு. பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒப்பிட்டு, எந்தப் படி சேந்துருக்கு, எது போயிருக்கு, எது மாறியிருக்குன்னு சொல்லும். அதோட நிக்காது. பாதியில நிக்கிற ஒவ்வொரு கேஸையும் எடுத்துவச்சு, அந்த மாற்றம் இந்தக் கேஸுல எங்க படுதுன்னும் சொல்லும். சரின்னு பட்டா அந்தக் கேஸைப் புதுப் படத்துக்கு மாத்திவிடவும் வழி உண்டு.

பஞ்சாயத்து இங்கதான் ஆரம்பிச்சுச்சு.

முந்தின வருஷம் ஒரே காட்டைக் காட்டி அண்ணன் தம்பி ரெண்டு பேரும் தனித்தனியா விதை வாங்கிட்டாங்க. அதனால இனிமே விசாரிப்புக்கும் கமிட்டிக்கும் நடுவுல, வி.ஏ.ஓ. கொடுக்கிற அடங்கல் நகல் வேணும்னு ஒரு படி சேக்கச் சொன்னாங்க. நியாயமான கோரிக்கைதான். நானும் படத்துல சேத்து ஒப்பிட்டுப் பாத்தேன். அந்த வருஷத்துக்கு 41 பேர் ஏற்கெனவே பேர் கொடுத்திருந்தாங்க. 27 கேஸ் கமிட்டியைத் தாண்டி மழைக்குக் காத்திருக்கு. மாறின படிகளை இவங்க முடிச்சுட்டாங்க, அதனால புதுப் படத்துக்கு மாத்துறது சரிவராது. மிச்ச 14 பேர் விசாரிப்பு வாசல்ல நிக்கிறாங்க, இன்னும் உள்ள காலெடுத்து வைக்கல. இவங்களைத் தாராளமா மாத்தலாம்.

அந்த 14 பேர்ல 5 பேர் பேர் அடங்கல்ல இல்ல. மூணு பேர் அடுத்தவங்க காட்டை வாரத்துக்கு உழுறவங்க. ஒருத்தர் அண்ணன் தம்பிக்குள்ள பாகம் பிரியாம உழுறவர். இன்னொருத்தங்க எங்க தெரு அப்பத்தா. மூணு ஏக்கர், பட்டா செத்துப்போன மாமனார் பேர்லயே நிக்குது. அதை மாத்தி வாங்குறதுக்குள்ள அந்த வருஷ மழையே வந்து போயிடும். விதை கிடைக்கலன்னா அந்த மூணு ஏக்கரும் தரிசுதான்.

பட்டியலை மந்தையில வச்சுப் படிச்சேன். சங்கத்துச் செயலாளர் எனக்கு மாமா முறை.

"கம்ப்யூட்டரே மாத்தலாம்னு சொல்லுதே மாப்ள, அப்புறம் என்ன? மாத்திவிட்ரு" என்றார்.

"மாத்தினா ஒடையாதுன்னுதான் மாமா அது சொல்லுது. மாத்துறது நாயமான்னு அதுக்குத் தெரியாது" என்றேன்.

கமிட்டியில வயசான பெரியப்பா ஒருத்தர் இருக்கார். அதுவரைக்கும் வெத்தலையை மென்னுக்கிட்டு இருந்தவர், எச்சியைத் துப்பிட்டு வந்து உக்காந்தார். "பந்தியில உக்கார வச்சுட்டு எலையை உருவக் கூடாது அப்பு. இதைச் சொல்றதா இருந்தா உக்கார்றதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்" என்றார்.

மாமாவும் விடல. "அப்ப மறுபடியும் ஒரே காட்டுக்கு ரெண்டு விதை போகட்டுங்கிறியாண்ணே?"

அவர் கேட்டதுலயும் தப்பில்ல. ரெண்டு மணி நேரம் போச்சு. கடைசியில வந்த முடிவு இது. ஏற்கெனவே பேர் கொடுத்த 41 பேருக்கும் பழைய வழியேதான். ஆடி கழிச்சு வர்றவங்களுக்குப் புது வழி. அந்தப் புது வழியிலயும் அடங்கல் ஒண்ணே கதின்னு இல்ல. அடங்கல் இல்லாதவங்க பக்கத்துக் காட்டுக்காரங்க ரெண்டு பேருகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்தாப் போதும். ரெட்டை விதைக்கும் அதுவே வேலி. பக்கத்துக் காட்டுக்காரனுக்குத் தெரியாம ஒரே காட்டுல ரெண்டு பேர் விதைக்க முடியாதே! படத்துல ஒரு பிரிவுக் குறி கூடுதலாப் போட்டேன், முடிஞ்சுச்சு. புது மென்பொருளைப் போடப் போய் சங்கத்து விதியே முன்னைக்கு நல்லா ஆயிருச்சு.

நிரல்ல இதுக்கு ஆன வேலை ரொம்பக் கம்மி. பழைய படத்தைத் தூக்கிப் போடாம, ஒவ்வொரு கேஸையும் அது பொறந்த படத்தோடவே ஓட விட்டுட்டேன். கேஸோட கோப்புக்குள்ளயே படத்தோட விவரமும் சேந்து பதிவாகிறதால இதுல சிக்கலே இல்ல. மாத்துற வசதி இருந்தும் அந்த வருஷம் ஒரு கேஸையும் மாத்தல. ஆனா அந்த ஒப்பீட்டுப் பட்டியல் இல்லன்னா, யாரு எங்க அடிபடுவாங்கன்னு மந்தையில வச்சுப் பேசியிருக்கவே முடியாது. வழக்கமா இந்த மாதிரி மாற்றம் ராத்திரியில சத்தமில்லாம நடந்து, அடுத்த வாரம் ஒரு அப்பத்தா 'எம்பேரு எங்கய்யா'ன்னு வந்து நிக்கிறப்பதான் தெரியும்.

பெரிய எடத்துலயும் கதை இதேதான், அளவுதான் வேற. மைக்ரோசாஃப்ட் 2006-ல டாட்நெட் 3.0 கூட வொர்க்ஃப்ளோ ஃபவுண்டேஷனைக் கொண்டு வந்தாங்க. பின்னாடி டாட்நெட் கோர் வந்தப்ப அதைக் கூட கூட்டிட்டு வரல. நம்பி எழுதினவங்க வேற வழி தேட வேண்டியதாச்சு. கமுண்டா 7-ஓட இலவசப் பதிப்புக்கு 2025 அக்டோபர்ல வந்ததே கடைசி வெளியீடு. அதுல ஓடிக்கிட்டிருந்த கேஸுகளைக் கமுண்டா 8-க்குக் கொண்டுபோறதா, கிளை பிரிஞ்சு வந்த ஆப்பரட்டான் மாதிரி ஒண்ணுல ஏத்துறதான்னு முடிவெடுக்க வேண்டிய நிலைமை வந்துச்சு. ஒரு எஞ்சின்ல புதுசா என்ன இருக்குன்னு எல்லாரும் பாக்குறாங்க. பாதியில நிக்கிறவனை அது எப்படிக் கரை சேக்குதுன்னு நான் முதல்ல பாப்பேன். புதுசா வர்றவன் எப்படியும் புது வழியில நடந்துக்குவான்.

நீங்களும் இதைத் தொடுறதா இருந்தா மூணு விஷயம். கோப்புகளை நகல் எடுத்து, நகல் மேலதான் முதல்ல ஓட்டிப் பாக்கணும். இருக்கிறதுலயே ரொம்பப் பழைய கேஸை முதல்ல திறக்கணும், அது பொழைச்சா மத்ததும் பொழைச்சுக்கும். மூணாவது, படத்துக்குள்ள எழுதுற ஸ்கிரிப்டை இந்த லைப்ரரி சாதாரணமா அப்படியே பைத்தானா ஓட்டிடும், வடிகட்டாது. அதனால படத்தைத் திருத்துற உரிமையை யாருக்குக் கொடுக்கிறோம்ங்கறதுல கவனம் வேணும். வீட்டுச் சாவியைக் கொடுக்கிற மாதிரின்னு வச்சுக்கங்க.

ஐப்பசியில உழவு மழை விழுந்துச்சு. பெரியப்பா காட்டுல கையை விட்டு ஈரம் பாத்துட்டு, 'அமுக்குப்பு'ன்னார். 'மழை பேஞ்சாச்சு' பட்டனை நான் அமுக்கினேன். 41 கேஸும் ஒண்ணா அடுத்த படிக்கு நகர்ந்துச்சு. அப்பத்தா மூணு ஏக்கர்லயும் குதிரைவாலி போட்டாங்க. தை கடைசியில வரவுக் கணக்குல அவங்க பேருக்கு நேரா, வாங்கினதுக்கு மேல ரெண்டு கிலோ கூடவே ஏறியிருந்துச்சு.

இப்ப அடுத்த வேலை, அந்த 2022 கேஸ் ஆறையும் என்ன செய்யுறதுன்னு கமிட்டியில பேசணும். தள்ளுபடின்னு ஒரு படி நம்ம படத்துலயே இல்லை. அதை எங்க சேக்கலாம்னு யோசனை இருக்கிறவங்க சொல்லுங்க, மந்தையில படிச்சுக் காட்டுறேன் :)