கேட்பது குற்றமா?

"வளர்ந்தால் சரியாகிவிடும்!" — இந்த ஒரு சொற்றொடரைப் போர்த்தி நாட்டிலே எத்தனை குழந்தைகளின் தொல்லையை மூடி வைத்திருக்கிறார்கள் தெரியுமா, தோழர்களே! பாட்டி கூறினால் பழக்கம் என்று பொறுத்துக்கொள்ளலாம். பூசாரி கூறினால் பிழைப்பு என்று புரிந்துகொள்ளலாம். மருத்துவம் கற்றவரே, ஆராயாமல் அதனைக் கூறுவாரானால், நாம் வாளாவிருத்தல் தகுமோ?

நாம் ஆசிரியத் தொழில் புரிபவர். நம்மிடம் 7ஆம் வகுப்பிலே பயிலும் சிறுமி ஒருத்தி. கூச்சலிடாள், ஓடியாடாள், ஒருவரையும் துன்புறுத்தாள். ஆனால், கரும்பலகையிலே நாம் மூன்று வரி எழுதி முடிப்பதற்குள் அவள் எண்ணம் எங்கோ சென்றுவிடும். தெரிந்த கணக்கிலேயே ஒரு படியை விட்டுவிடுவாள். வாரம் ஒரு பேனா தொலையும். அரை மணி நேரத்து வீட்டுப் பாடத்தை அழுதுகொண்டே மூன்று மணி நேரம் எழுதுவாள் என்றார் அவளை ஈன்ற தாய். முதல் வகுப்பு தொட்டே இந்நிலை. சோம்பல் என்றனர் சிலர்; திமிர் என்றனர் வேறு சிலர். 'காற்றுக் கருப்பு' என்றார் ஊர்க் கோடாங்கி. கழுத்திலே தாயத்து ஏறிற்று. மடியிலிருந்து 1,500 ரூபாய் இறங்கிற்று!

"தாயத்து வேண்டாம், அம்மா, மருத்துவரிடம் செல்வோம்" என்று கூறி, உடன் சென்றோம்.

ஐந்து நிமிடம்! குழந்தையிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை அம்மருத்துவர். "மதிப்பெண் எவ்வளவு? ஐம்பதுக்கு மேலா? பிறகென்ன!" என்றார். "ஏ.டி.எச்.டி. எனும் கவனக் குறைபாடாக இருக்கக்கூடுமோ?" என்று பணிவுடன் கேட்டோம். நகைத்தார். "செல்போனிலே படித்துவிட்டு வந்தீர்களா, சார்? அது துள்ளித் திரியும் பையன்களுக்கு வருவது. மேல்நாட்டுச் சரக்கு. படம் வரைய மணிக்கணக்கில் உட்காருகிறாளாமே, படிக்க மட்டும் கவனம் இல்லையா? கண்டித்து வளருங்கள்!" என்றார், சத்து மருந்து ஒன்றை எழுதித் தந்தார்.

துள்ளினால்தான் நோயா? 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, கவனச் சிதைவு மட்டுமே மேலோங்கிய வகையையும் வகுத்துக் காட்டுகிறது. ஒன்பது அடையாளங்களில் குழந்தைகளுக்கு ஆறேனும் இருத்தல் வேண்டும். ஆறு திங்களேனும் நீடித்தல் வேண்டும். 12 வயதுக்கு முன்பே சில தோன்றியிருத்தல் வேண்டும். வீடு, பள்ளி என ஓரிடத்திற்கு மேல் காணப்படல் வேண்டும் என்கிறது. அமைதியாக அமர்ந்திருக்கும் பெண் குழந்தைகள் பலர் கண்டறியப்படாமலே போவதும் இதனாற்றான்.

ஓவியத்திலே ஒன்றுகிறாளே எனின், விருப்பமானதில் மூழ்குவதும் இக்குறைபாடு உடையோரிடம் காணப்படுவதே. கவனம் அறவே இல்லாமை அன்று இது. வேண்டிய இடத்திலே வேண்டிய நேரத்திலே அதனை நிறுத்தி வைக்க இயலாமை.

மேல்நாட்டுச் சரக்காம்! 1798இல் கிரைட்டனும் 1902இல் லண்டனிலே ஜார்ஜ் ஸ்டில்லும் இத்தகைய குழந்தைகளைப் பற்றி எழுதினர் என்பது மெய். ஈர்ப்பு விசையை நியூட்டன் சொன்னார் என்பதற்காக நம் ஊர்த் தேங்காய் மேல்நோக்கியா விழுகிறது? 2013இல் இந்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் பட்டியலிலேயே இக்குறைபாடு இடம்பெற்றிருக்கிறதே!

சிந்தை சிதறும் குழந்தைக்கெல்லாம் இக்குறைபாடுதான் என்று நாம் சாதிக்கவில்லை. பார்வைக் குறை, கேள்விக் குறை, உறக்கக் கேடு, வீட்டிலே மூளும் சச்சரவு, எதுவும் காரணமாகலாம். ஆகவேதான் ஆய்வு கேட்கிறோம். 'இல்லை' என்பது ஆய்வின் முடிவாக வரட்டும், தலை வணங்குவோம். ஆய்வுக்குப் பதிலாக வருமானால், ஏன் என்று கேட்போம்.

திரும்பும் வழியிலே பேருந்தில் அத்தாய் கேட்டார்: "டாக்டரே ஒன்றுமில்லை என்றுவிட்டார், சார். அப்படியானால் கோடாங்கி சொன்னதுதான் மெய்யோ?" நெஞ்சிலே நெருப்பு விழுந்தது போலிருந்தது நமக்கு. அறிவியலின் வாயில் அடைக்கப்பட்டால், மக்கள் தெருவிலா நிற்பார்கள்? அடுத்த வாயிலைத் தட்டுவார்கள். அங்கே உடுக்கையுடன் ஒருவர் காத்திருக்கிறார்! மருத்துவர் வீணாக்கிய ஐந்து நிமிடம், மந்திரவாதிக்கு ஐந்தாண்டு வருமானம்.

ஆறு வாரம் நாளும் குறிப்பெழுதினோம். தாய் சொல்லச் சொல்ல, வீட்டு நிலையையும் எழுதினோம். அதனுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்றோம். அங்கே பெற்றோருக்கொரு வினாத்தாள், ஆசிரியருக்கொரு வினாத்தாள் தந்தனர். குழந்தையைத் தனியே அமர்த்திப் பேசினர். கண்ணையும் காதையும் சோதிக்க அனுப்பினர். முடிவு இன்னும் வரவில்லை. எது வரினும், அது ஆராய்ந்த முடிவாக இருக்கும்.

தோழர்களே! மருத்துவரைப் பகைப்பது நம் வேலையன்று. காரணம் கேட்பது நம் உரிமை. கூறுவது அவர்தம் கடமை. உங்கள் தெருவிலும் 'மக்கு' என்றும் 'மந்தம்' என்றும் பெயர் சூட்டப்பட்ட குழந்தை ஒன்று இருக்கும். எழுத்தறியாத் தாய் எனில், அவளுக்காகக் குறிப்பெழுதுங்கள். தயங்கும் தந்தை எனில், துணைக்குச் செல்லுங்கள். ஒரு மருத்துவர் நகைத்தால் மற்றொருவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அறியாதவர் கேட்கும் கேள்விக்கு அறிந்தவர் நகைப்பை விடையாகத் தரும் வழக்கம், அப்போதுதான் ஒழியும்!