சூப்பிப் போத்தல்

கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தைத் தூணில் ஓர் ஆணி இருந்தது. அதில் தங்கச்சியின் சூப்பிப் போத்தல் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும். உள்ளே பால் இல்லை, பெற்றோல். அடியில் இரண்டு விரல் உயரம் இருந்தால் அது நல்ல நாள். குசினிப் பக்கம் அதைக் கொண்டுவரக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. அதைத் தொடும் உரிமை அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான்.

1990 ஆனியில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பத் தொடங்கியபோது தங்கச்சி பிறந்து நாலு மாதம். எனக்கு ஒன்பது வயது. யாழ்தேவி ரயில் நின்றது. கரண்ட் நின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவதும் நின்றது. பற்றரி, சவர்க்காரம், மெழுகுதிரி என்று அரசின் தடைப்பட்டியல் நீண்டுகொண்டே போனது. மண்ணெண்ணெய் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக, விலை ஏறி ஏறி வந்தது. அப்பா படிப்பித்தது சாவகச்சேரியில். வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு மைல். அவரிடம் இருந்தது ஒரு சிவப்பு எம்.டி. நைன்ரி.

அது ஜப்பானில் தபாற்காரருக்கென்று ஹொண்டா செய்த வண்டி. கிளச் பிடி கிடையாது, காலால் கியரை மிதித்தால் போதும். அங்கே கடிதம் சுமந்து களைத்த பிறகு கப்பலேறி எங்களிடம் வந்து, இரண்டாவது வாழ்க்கையைத் தொடங்கியிருந்தது. பின் கரியர் அகலமானது. தபால் பெட்டிக்காகச் செய்த அந்த அகலத்தில் தென்னம்பாளை, அரிசி மூட்டை, அப்பம்மா என்று எதையும் ஏற்றலாம்.

கராச்சுக்கார மாமாதான் அதற்கு மண்ணெண்ணெய் பழக்கினார். பெற்றோல் ஆவியாகப் பெரிய சூடு தேவையில்லை, மூடியைத் திறந்தாலே பறந்துவிடும். மண்ணெண்ணெய்க்கு 150 பாகையாவது வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குள் போனால் அது திரவமாகவே கிடந்து பிளக்கை நனைக்கும். ஆகவே நாலு துளி பெற்றோலால் எஞ்சினை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெயைத் திறந்துவிட வேண்டும். "குழந்தைப் பிள்ளைக்குச் சேனை வைக்கிற மாதிரி மாஸ்டர், முதல்ல நாக்கில தடவோணும்," என்றார் மாமா. அதைக் கேட்டுவிட்டுத்தான் அப்பா தங்கச்சியின் சூப்பியைத் தேடி வந்தார். தங்கச்சி தாய்ப்பால்தான் குடித்தாள், சூப்பி யாரோ தந்த பரிசு. ஆனாலும் அம்மா மூன்று நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

காலை ஆறேகாலுக்கு எங்கள் முற்றத்தில் அந்தச் சடங்கு நடக்கும். அப்பா எயர் கிளீனர் குழாயைக் கழற்றுவார். நான் சூப்பியைத் தலைகீழாகப் பிடித்து அதன் முலையைக் காபரேற்றரின் வாய்க்குள் வைப்பேன்.

"பீச்சு."

ஒருமுறை அமத்துவேன்.

"இன்னொருக்கா... காணும், காணும்!"

அந்தக் "காணும்" அவர் வாயிலிருந்து வருவதற்கு முன்பே என் விரல் நின்றுவிட வேண்டும். கிக்கரை மிதிப்பார். இரண்டாம் மூன்றாம் மிதியில் எஞ்சின் இருமி எழும்பும். "ரப்பைத் திற!" என்று கத்துவார். ராங்கிக்குக் கீழே இருக்கும் சின்ன ரப்பை நான் திருப்பிய கையோடு வெள்ளைப் புகை கிளம்பி முற்றம் முழுவதையும் மூடும். புகைக்குள்ளிருந்து அப்பாவின் வெள்ளைச் சேட்டு மட்டும் படலையைத் தாண்டிப் போவது தெரியும்.

பின்னேரம் அந்தச் சேட்டு வேறு நிறத்தில் திரும்பி வரும். சவர்க்காரம் இல்லாததால் அம்மா பனம்பழத்தைப் பிசைந்து அதன் களியில் தோய்ப்பார். மண்ணெண்ணெயும் பனம்பழமும் கலந்த அந்த மணம்தான் எனக்கு அப்பாவின் மணம்.

ஓடத் தொடங்கிய எஞ்சினை நிறுத்துவது பெரிய குற்றம். சூடு ஆறினால் திரும்பவும் பெற்றோல் வேண்டும். அதனால் கடை வாசல்களில் வண்டிகள் ஆளில்லாமல் நின்று நடுங்கிக்கொண்டிருக்கும். வழியில் கண்டவர்கள் செத்தவீட்டுச் செய்தியைக்கூட எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்தித்தான் சொன்னார்கள். மெதுவாகக் கதைக்கும் பழக்கம் எங்கள் ஊரில் அந்த ஐந்து வருடத்தில்தான் கெட்டது என்பது என் சொந்த ஆராய்ச்சி.

குடாநாட்டில் மேடு கிடையாது. நாவற்குழிப் பாலம்தான் எங்களுக்கு மலை. அதில் ஏறும்போது மண்ணெண்ணெய் எஞ்சின் 'டொக் டொக்' என்று உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல அடிக்கும். அப்பா கொஞ்சம் முன்னால் குனிந்துகொள்வார், அதனால் வண்டிக்குப் பாரம் குறையும் என்பதுபோல. ஞாயிற்றுக்கிழமைகளில் பிளக்கைக் கழற்றிப் பழைய சவர பிளேட்டால் கரி சுரண்டுவது என் வேலை. ஒருநாள் எஞ்சின் ஒயில் பார்த்த கராச் மாமா, குறையவேண்டிய ஒயில் கூடியிருப்பதாகச் சொன்னார். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனோரமாக வடிந்து ஒயிலுக்குள் இறங்குகிறதாம். "மிசின் தன்ர கண்ணீரைத் தானே குடிக்குது, மாஸ்டர்." அவருக்கு எல்லாவற்றுக்கும் ஓர் உவமை இருந்தது.

ஒரு மத்தியானம் சூப்பியைக் கழற்றிக்கொண்டு போய் வேலியோர எறும்புப் புற்றில் பீச்சிப் பார்த்தேன். எறும்புகள் சுருண்டு விழுந்த விதம் சுவாரசியமாக இருந்தது. இன்னும் ஒருமுறை, இன்னும் ஒருமுறை என்று போய், போத்தலில் மணம் மட்டும் மிஞ்சியது. தண்ணீர் விட்டு இரண்டு விரல் உயரத்துக்கு நிரப்பிப் பழையபடி ஆணியில் தொங்கவிட்டேன். மறுநாள் காலை நானே என் கையால் அந்தத் தண்ணீரைக் காபரேற்றருக்குள் பீச்சினேன். பதினைந்து இருபது மிதி. அப்பா நிமிர்ந்து சூப்பியை வாங்கி மணந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அப்பப்பாவின் ரலி சைக்கிளை எடுத்துக் காற்றடித்துக்கொண்டு சாவகச்சேரிக்கு உழக்கினார். இருட்டித்தான் வந்தார். கிணற்றடியில் காலை நீட்டி இருந்தவருக்கு நான் தண்ணீர் அள்ளி ஊற்றினேன். "நாளைக்குக் காபரேற்றரைக் கழற்றிக் காயவைக்கோணும், நேரத்தோட எழும்பு," என்றார்.

இப்போது நான் இருக்கும் ரொறன்ரோவில் மோட்டார் சைக்கிள் ஒரு பொழுதுபோக்கு. பனிக்காலம் முழுவதும் போர்வை மூடி நித்திரை கொள்ளும், வசந்தத்தில் மினுங்கிக்கொண்டு வெளியே வரும். பக்கத்துவீட்டுக்காரர் தன்னுடையதை எனக்குக் காட்டியபோது, நான் குனிந்து காபரேற்றரைத் தேடினேன். "இதில் அது இல்லை, எல்லாம் கொம்பியூட்டர்," என்றார்.

1995 ஐப்பசி 30ஆம் திகதி பின்னேரம் எங்கள் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டும் என்று புலிகள் அறிவித்துக்கொண்டு போனார்கள். அவசரத்தில் எம்.டி. நைன்ரியை எழுப்பி, கரியரில் அரிசியும் உடுப்பும் கட்டி, சீற்றில் அப்பம்மாவை இருத்தினோம். றோட்டுக்கு வந்தால், ஊர் முழுக்க அங்கேதான் நிற்கிறது. ஓர் அடி வைக்கப் பத்து நிமிடம். மழை வேறு. அரியாலை தாண்ட முன்பே எஞ்சின் நின்றுவிட்டது. அப்பா திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டினார்.

நான் அவர் எடுத்திருப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் நான் எடுத்திருப்பேன் என்று நினைத்திருந்தார்.

அன்றிரவு அப்பா ஹாண்டிலைப் பிடிக்க, நான் பின்னால் தள்ள, அம்மா தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். நாளும் பொழுதும் அப்பா அரை மணித்தியாலத்தில் கடந்த வழி அது. நாவற்குழிப் பாலத்தில் ஏறும்போது விடிந்துகொண்டிருந்தது. பாரமான இடத்தில் அப்பா வழக்கம்போல முன்னால் குனிந்தார். எஞ்சின் அடிக்கவில்லை. ஆயிரக்கணக்கான கால்கள் சேற்றில் உராயும் சத்தம் மட்டும்தான். மேலே இருந்த அப்பம்மா, "என்னை இறக்கிவிடு தம்பி, நான் நடப்பன்," என்று சொல்லிக்கொண்டே வந்தா.

அடுத்த சித்திரையில் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கதவில்லை, யன்னல் இல்லை. கூரையில் பாதி ஓடுகள் இல்லை. விறாந்தைத் தூணில் சூப்பி தொங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் வெடித்துப் போத்தலின் கழுத்தோடு ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை, மணம்கூட இல்லை.

அம்மா அதைக் கழற்றி முந்தானையால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா.

"பாருங்கோ, இனிப் பிள்ளைக்கு இதில பால் குடுக்க ஏலுமே?" என்று அப்பாவிடம் கோபமாகக் கேட்டா. தங்கச்சிக்கு அப்போது ஆறு வயது.