நிறம், சுவை, மணம்

ஒளுவுக்குரிய நீரைப் பற்றிய பாடம். "அசுத்தம் கலந்து நிறம், சுவை, மணம் இவற்றுள் ஒன்று மாறினும் அந்நீர் ஆகாது" என்றேன். பாலாற்றங்கரை மாணவன் ஒருவன் எழுந்தான்: "ஹஜ்ரத், எங்கள் கிணற்றில் மூன்றுமே மாறிவிட்டனவே!"

வரலாறு பயின்ற எனக்கு வேதியியல் புதிது. எனினும் 1996-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தேடிப் படித்தேன். ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர். அது உப்பும் குரோமியமும் சுமந்து வெளியேறுகிறது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டதென்றும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டுமென்றும் அத்தீர்ப்பு உரைத்தது. 2025-இலும் அதே மன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

என் ஊதியமும் தோல் வணிகர்களின் நன்கொடையே. ஆயினும் அண்டை வீட்டாரின் கிணற்றைக் கெடுத்துவிட்டு நாம் எந்நீரில் ஒளுச் செய்வது?

மறுநாள் அம்மாணவனிடம் சொன்னேன்: "உன் கேள்வியை ஜமாஅத் கூட்டத்தில் நானே கேட்கிறேன்."