சுற்றி வந்தால் என்ன மாறும்?

பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அந்த ஃபார்வர்டு வந்துவிடும். அண்ணாமலையைச் சுற்றி விசேஷக் காந்தப்புலம் இருக்கிறதாம், 14 கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்தால் ரத்தத்தில் இருக்கும் இரும்பு ‘சீராகி’விடுமாம். அனுப்புவது திருவண்ணாமலையில் இருக்கும் என் சித்தப்பா. மாதம் தவறாமல் கிரிவலம் போகிறவர். நம்பி நடக்கிறவருக்குக் காந்தம் எதுக்கு என்பதுதான் என் எரிச்சல். (ரத்தத்து இரும்பைக் காந்தம் அப்படி இழுக்கும் என்றால் எம்ஆர்ஐ எடுக்கப் போன ஒருத்தரும் முழுசாகத் திரும்பியிருக்க மாட்டார்.)

ஆனால் சுற்றுவதற்கும் காந்தப்புலத்துக்கும் ஒரு உறவு நிஜமாகவே உண்டு. அது ஃபார்வர்டைவிட விசித்திரமானது.

பள்ளியில் படித்ததுதான்: காந்தப்புலத்தில் ஓடும் எலெக்ட்ரான் வளைந்து வட்டமடிக்கும், ஏனென்றால் அதற்கு மின்னூட்டம் உண்டு. முழு அணுவுக்கு அது கிடையாது. அணுவுக்குள் ஒரு குட்டிக் காந்தம் இருப்பதால் அதை இழுக்கலாம், தள்ளலாம். எலெக்ட்ரான்போல வட்டமடிக்க வைக்க முடியாது. இது இயற்பியலாளர்களுக்கு ஒரு தலைவலி. திடப்பொருளுக்குள் எலெக்ட்ரான்கள் காட்டும் வித்தைகளை, குவாண்டம் ஹால் விளைவு மாதிரி, அசுத்தமே இல்லாத குளிர்ந்த அணுக்களில் நிதானமாகப் பார்க்க அவர்களுக்கு ஆசை.

போன பௌர்ணமிக்குச் சித்தப்பாவோடு நடந்தபோது இதைச் சொல்ல முயன்றேன். ராஜகோபுரத்தில் ரெண்டு பேர் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டு கிளம்புகிறார்கள். ஒருவர் வலமாக, இன்னொருவர் இடமாக. (இடமாக யாரும் போக மாட்டாங்க, சும்மா வெச்சுக்குவோம்.) ஒரே தூரம், ஒரே வேகம். மலைக்குப் பின்னால் ஆதி அண்ணாமலை பக்கம் சந்திக்கும்போது ரெண்டு கடிகாரமும் ஒரே நேரம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால்? குவாண்டம் துகளுக்குள் அப்படி ஒரு முள் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ‘கட்டம்’ என்று பெயர். இரண்டு பாதைகளும் சேர்ந்து வளைத்த பரப்புக்குள் எவ்வளவு காந்தப்புலம் இருக்கிறதோ, அவ்வளவுக்கு முட்கள் விலகும். இதைத் திருப்பிப் போட்டால், முட்களை விலக வைக்க வேறு வழி கிடைத்தால் போதும், மின்னூட்டமே இல்லாத அணுவும் காந்தப்புலத்தில் இருப்பதுபோலவே நடந்துகொள்ளும்.

“அப்போ சுத்துனா ஏதோ மாறுதுன்னு நீயே சொல்றியேடா!” என்றார்.

“அணுவுக்குச் சித்தப்பா. நமக்கு இல்ல. நம்ம சூட்டுல அதெல்லாம் கலைஞ்சு போயிடும்.”

“பரவால்ல, நடக்கட்டும்.” உவமை சொன்னால் இப்படித்தான் ஆகும், எதிராளி அதைத் தனக்கு வேண்டிய பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

அந்த வேறு வழியாகச் சிலர் அணு மேகத்தையே மத்தால் கடைவதுபோலச் சுழற்றிப் பார்த்தார்கள். சுழலும் சட்டகத்தில் தோன்றும் கொரியாலிஸ் விசை காந்த விசையைப் போலவே இருக்கும். ஆனால் வலுவான புலம் வேண்டுமென்றால் மேகம் பொறியிலிருந்து சிதறும் அளவுக்குச் சுற்ற வேண்டும். 2009இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் இயன் ஸ்பீல்மன் குழு மேகத்தைச் சுழற்றாமலே செய்து காட்டியது. தனிச்சுழியத்துக்கு மிக அருகில் குளிர்ந்த ருபிடியம் அணுக்கள்மேல் வெவ்வேறு திசையிலிருந்து இரண்டு லேசர்கள். அணு ஒன்றிலிருந்து ஒளித்துகளை வாங்கி மற்றதன் திசையில் விடுகிறது. அந்த உதைப்போடு அதன் உள்நிலையும் மாறுகிறது. கூடவே இடத்துக்கு இடம் லேசாக மாறும் ஒரு நிஜக் காந்தப்புலத்தையும் வைத்தார்கள். (ஆமாம், நிஜக் காந்தம் கொஞ்சம் உண்டு. ஆனால் அதன் வேலை அணுவை வளைப்பது அல்ல.) இதனால் அணு எந்த நிலைகளின் கலவை என்பது இடத்துக்கு இடம் மாறும். சுற்றி வந்து பழைய கலவையையே அடைந்தாலும் முள் மட்டும் தள்ளி நிற்கும். புலம் ஒரு அளவைத் தாண்டியதும் மேகத்தில் பொத்தல் பொத்தலாகச் சுழல்கள் தெரிந்தன. லேசரை அணைத்தால் அந்தப் புலமும் இல்லை.

வாங்கி விடும் அந்தச் செயலுக்கு ராமன் பெயர்தான். 1888இல் திருவானைக்காவலில் பிறந்த அதே சி.வி. ராமன். அவருடைய தங்கை மகன் எஸ். பஞ்சரத்தினம் 1956இல், 22 வயதில், பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் படிகங்களுக்குள் ஒளியை அனுப்பிக்கொண்டிருந்தார். ஒளி அதிரும் திசையைப் படிப்படியாக மாற்றிப் பழைய நிலைக்கே கொண்டுவந்தாலும் அதன் கட்டம் விலகியிருக்கும், எவ்வளவு என்பது சுற்றி வந்த பாதையின் வடிவத்தைப் பொறுத்தது என்று எழுதினார். அணுக்களில் ஸ்பீல்மன் பயன்படுத்தியதும் இந்த வகை விலகலைத்தான். 1984இல் மைக்கேல் பெர்ரி இதைப் பொதுவிதியாக எழுதிய பிறகே அந்தப் பழைய கட்டுரைமேல் உலகத்தின் கண் பட்டது. அதற்குப் பதினைந்து வருடம் முன்பே, 35 வயதில், பஞ்சரத்தினம் ஆக்ஸ்போர்டில் இறந்துவிட்டிருந்தார்.