தண்ணி முறையும் ஒரு புகாரும்

எப்பவும் வெங்காயம், தென்னை, வாய்க்கால் தண்ணின்னு எழுதறவன் நான். டவுன்ல இருந்து வர்றவங்க எங்க தோட்டத்துத் திண்ணையில உக்காந்து, "உங்க ஊர்ல எவ்வளவு ஒத்துமை!"ம்பாங்க. ஒத்துமை இருக்குதுங்க, பொய்யில்ல. ஆனா அந்த ஒத்துமைக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. இன்னிக்கு அதைச் சொல்றேன்.

சில வருசத்துக்கு முன்னால நடந்தது. பள்ளிக்கூடம் போற ஒரு புள்ளை, ஊர்ல பெரிய மனுசன்னு பேர் வாங்குன ஒருத்தர் தன்கிட்ட முறைகேடா நடந்துக்கிட்டதை அவங்க அம்மாகிட்ட சொல்லிடுச்சு. ஆள் யாரு, எந்த ஊருன்னு எழுத மாட்டேன். புள்ளையோட அடையாளம் தெரியற மாதிரி எழுதறது போக்சோ சட்டப்படி குத்தம். சட்டமே இல்லீன்னாலும் எழுதக் கூடாது. அதனால சில விவரத்தை மாத்தியும் இருக்கேன்.

அந்த ஆளு ஊருக்கு என்ன வேணும்னு சொன்னாத்தான் மத்தது புரியும். மாரியம்மன் பூச்சாட்டுக்கு முன்னால நின்னு வேலை பாக்கறவர். ராத்திரி பன்னண்டு மணிக்கு ஆஸ்பத்திரிச் செலவுன்னு கதவைத் தட்டினா எழுத்தில்லாமப் பணம் எடுத்துக் குடுப்பார். ஊர்ல பாதிக் காட்டுக்கு உழவு அவர் டிராக்டர்தான். எனக்குப் பங்காளி. எங்க தாத்தா காலத்துக் கூட்டுக் கிணத்துல அவருக்கும் பங்கு, எனக்கும் பங்கு. நாள் முறை வெச்சுத் தண்ணி எடுத்துக்குவோம்.

அந்தம்மாவுக்கு இருந்தது அரை ஏக்கர் காடு, ரெண்டு மாடு. வீட்டுக்காரர் காலமாயிட்டார். நாள் கூலிக்கும் போவாங்க.

சேதி ஊருக்குள்ள பரவுனப்ப ஒண்ணு கவனிச்சேன். "அவரு அப்படிச் செஞ்சிருக்க மாட்டாரு"ன்னு சொன்னவங்க ரொம்பக் கம்மி. "அந்தாளுகிட்ட சூதானமா இருக்கோணும்னு எங்களுக்கு அப்பவே தெரியுங்கா"ன்னு எங்க வீட்டுக்காரம்மாகிட்டயே நாலஞ்சு பொம்பளைங்க சொன்னாங்க. அந்தப் புள்ளை சொன்னதை ஊரே நம்புச்சு. நம்பிக்கிட்டேதான் வாயை மூடச் சொல்லுச்சு.

மூணு பெரியவங்க உக்காந்து பேசுனாங்க. மூணு பேருமே கெட்டவங்க இல்லீங்க. எத்தனையோ வரப்புத் தகராறை நியாயமாத் தீர்த்து வெச்சவங்க. அவங்க சொன்ன முடிவு இது: அந்த ஆளு கோயிலுக்கு ஒரு தொகை கட்டோணும், அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கோணும். புள்ளையை மாமன் ஊர்ல விட்டுப் படிக்க வெக்கோணும். "பொம்பளப் புள்ள பேரு கெட்டுப் போகக் கூடாதல்லோ, அம்முணி" அப்படின்னாங்க.

அந்தம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "தப்புப் பண்ணவரு ஊர்ல இருப்பாரு, என்ற புள்ளை ஊரை விட்டுப் போகோணுமாங்?"

யாரும் பதில் சொல்லல. மறுநாள் எங்க வீட்டுக்காரம்மாவைத் தொணைக்குக் கூப்பிட்டாங்க. மூணு பேருமா பஸ் ஏறி அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போயிப் புகார் எழுதிக் குடுத்தோம்.

"போலீஸ் படி ஏறுனா புள்ளை வாழ்க்கையே போச்சு"ன்னு ஊரே சொல்லிட்டு இருந்துச்சு. 2012-ல வந்த போக்சோ சட்டத்துல அதுக்கு வழி இருக்குங்க. புள்ளை ஸ்டேஷனுக்கு வரவே தேவையில்ல. வீட்டுலயே வெச்சு, கூடுமானவரை ஒரு பெண் அதிகாரி, யூனிபார்ம் இல்லாம வந்துதான் வாக்குமூலம் எழுதோணும். அப்படித்தான் சாதாச் சேலையில ஒரு அம்மா வந்தாங்க. பக்கத்து வீட்டுல எல்.ஐ.சி. ஏஜென்ட்டுன்னு நெனைச்சுட்டாங்களாம். இன்னொண்ணும் அந்தச் சட்டத்துல இருக்கு. கொழந்தைக்கு இப்படி நடந்தது தெரிஞ்சும் சொல்லாம மறைக்கறதே குத்தம், ஆறு மாசம் வரைக்கும் உள்ள போகலாம். கோயிலுக்குத் தொகை கட்டிப் பேசி முடிக்கற அதிகாரம் எந்த ஊருக்கும் கெடையாது.

அதுக்கப்பறம் ஊர் என்ன பண்ணுச்சுன்னு கேக்கறீங்களா? யாரும் அடிக்கல, வையல. அந்தம்மாவைக் களையெடுப்புக்குக் கூப்பிடறதை நிறுத்திட்டாங்க. உழவுக்கு டிராக்டர் வரல. பால்காரர் அந்த வாசல்ல நிக்காமயே போனார். கல்யாணப் பத்திரிகை வெக்கல. எங்க பக்கம் பத்திரிகை வெக்கலைன்னா, "உங்க வீட்டு நல்லது கெட்டதுக்கும் நாங்க வரமாட்டோம்"னு அர்த்தம்.

எனக்கும் வந்துச்சு. என் முறை நாள்ல கிணத்துக்குப் போனா மோட்டார் பெட்டியில பீஸ் கட்டை இருக்காது. யாரு எடுத்தாங்கன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. அந்த வருசம் அரை ஏக்கர் சின்ன வெங்காயம் காயோடவே கருகிப் போச்சு. அப்பறம் கடன் வாங்கித் தனியா போர் போட்டேன். தியாகம் பண்ணுனதா சொல்ல வரலீங்க. ஒரு ஊர் எதை வெச்சு வாயை அடைக்குதுன்னு உங்களுக்குத் தெரியோணும்.

டவுன்ல பக்கத்து வீட்டோட ஒத்து வரலைன்னா வேற வீடு பாத்துப் போயிடலாம். இங்க தண்ணி, கூலி, கைமாத்து, கல்யாணம், சாவு எல்லாமே அதே நாப்பது குடும்பத்தோடதான். பாடை தூக்கவும் நாலு பேரு வேணும். அதனால ஒவ்வொருத்தரும் மனசுக்குள்ள கணக்குப் போட்டுப் பாக்கறாங்க. அந்த ஆளைப் பகைச்சா எவ்வளவு நட்டம், இந்தப் புள்ளையைப் பகைச்சா எவ்வளவு நட்டம்னு. இல்லாதவங்க பக்கம் நட்டம் கம்மியாத்தான் வரும். ஊர் அமைதிக்கான செலவு மொத்தத்தையும் அந்தப் புள்ளை தலையில எழுதிடறாங்க.

இதே ஒத்துமை வேற மாதிரியும் நிக்கும். தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியைப் பாருங்க. 1992 ஜூன் 20-ம் தேதி சந்தனக்கட்டை தேடறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க அந்த மலைவாழ் மக்கள் ஊருக்குள்ள போனாங்க. 18 பெண்களுக்குக் கொடுமை நடந்துச்சு. அந்த ஊர் சனம் பின்வாங்கல. 19 வருசம் கழிச்சு, 2011 செப்டம்பர் 29-ல, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளின்னு தருமபுரி கோர்ட் சொல்லுச்சு. அதுக்குள்ள 54 பேர் செத்தே போயிருந்தாங்க. 2023-ல ஐகோர்ட்டும் அந்தத் தீர்ப்பை உறுதி பண்ணுச்சு. அங்க தப்புப் பண்ணுனவன் வெளியாளு, ஊர் ஒண்ணா நின்னுச்சு. தப்புப் பண்ணுனவன் நம்ம ஆளா இருந்தா அதே கயிறு புள்ளை கழுத்தைத்தான் இறுக்குது.

எங்களுக்குப் பக்கத்துல பொள்ளாச்சி வழக்கு. 2019-ல புகார் குடுத்த பொண்ணு பேரு அரசாணையிலேயே வந்துடுச்சு. இனி எந்தப் பொண்ணு வாயைத் தொறக்கும்னு இங்க எல்லாரும் பேசிக்கிட்டோம். ஆனா தொறந்தாங்க. மூடுன கோர்ட்டுல விசாரணை நடந்துச்சு. ஒரு சாட்சி கூடப் பிறழல. 2025 மே 13-ல கோவை மகளிர் கோர்ட் 9 பேருக்கும் சாகற வரைக்கும் ஜெயில்னு தீர்ப்புக் குடுத்துச்சு. பேரு வெளிய வராம, பக்கத்துல நிக்க ஆளும் இருந்தா பொண்ணுங்க பின்வாங்க மாட்டாங்கன்னு அன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டேன்.

"பொய்ப் புகாரா இருந்தா?"ன்னு கேப்பாங்க. கேக்க வேண்டிய கேள்விதான். அதை விசாரிக்கத்தான் கோர்ட். ஊர்ல மூடி மறைச்சா புள்ளைக்கு நியாயம் இல்ல. அந்த ஆளு நெசமாவே தப்புப் பண்ணலைன்னா, அவருக்கும் சாகற வரைக்கும் சந்தேகம் தீராது.

என்னைக் கேட்டா ஊர் செய்ய வேண்டியது பெரிசா ஒண்ணுமில்லீங்க. தீர்ப்புச் சொல்ல வேண்டாம். கூலிக்குக் கூப்பிடறதை நிறுத்தாதீங்க. தண்ணி முறையில கை வெக்காதீங்க. பத்திரிகை வெச்சுடுங்க. இதையெல்லாம் ஊர் நிறுத்தறதால, கேஸு கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாலயே முடிஞ்சு போயிடுது. அப்பார்ட்மெண்ட்டுலயும் ஆபீஸ்லயும் இருக்கற உங்களுக்கும் இதே மாதிரி ஒரு பீஸ் கட்டை இருக்கும். எதுன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. கொழந்தைங்க விசயம்னா 1098-க்கு ஒரு போன் போட்டாப் போதும்.

கேஸு இன்னும் நடக்குது. புள்ளை மாமன் ஊருக்குப் போகல, இங்க இருந்தே பஸ் ஏறிப் படிக்கப் போகுது. எங்க ஊர்ல பூச்சாட்டுக்கு வீட்டுக்கு வீடு வரி வாங்குவாங்க. வரி வாங்காம விட்டா அந்த வீடு ஊர்க்கணக்குலயே இல்லைன்னு அர்த்தம். மூணு வருசம் அந்த வாசலைத் தாண்டிப் போனாங்க. இந்த வருசம் அந்தப் பெரியவங்கள்ல ஒருத்தர் நோட்டோட அங்க போயி நின்னார். அந்தம்மா உள்ள போயிப் பணத்தை எடுத்துட்டு வந்து குடுத்துட்டு, "ரசீது போட்டுக் குடுங்க"ன்னாங்க. போட்டுக் குடுத்தார்.